சேர்க்கைப் பதிவேட்டில் விசுவாசம்: மிஷன் பள்ளிகள் குறித்துச் சில விவாதக் குறிப்புகள்

1

மிஷன் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தப் பீரியட் மறந்திருக்காது. மணி அடித்ததும் டீச்சர் சொல்வார்: 'வேதக்காரப் பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு அந்த ரூமுக்குப் போங்க. மத்தவங்க இங்கனயே இருங்க.' பாதி வகுப்பு எழுந்து போகும். போன அறையில் ஞானோபதேசம். பத்துக் கட்டளை, திருச்சபைக் கட்டளை, எல்லாம் மனப்பாடம். இருந்த அறையில் நீதிபோதனை. பொய் சொல்லாதே, பெரியவர்களை மதி, நேரம் தவறாதே. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி மணி. பிள்ளைகள் பழைய பெஞ்சுக்குத் திரும்புவதற்குள் கணக்கு வாத்தியார் வந்துவிடுவார். அதற்குப்பிறகு நாள் முழுக்க வேதமும் கிடையாது, நீதியும் கிடையாது. மார்க் மட்டும்தான்.

எழுந்து போன பிள்ளைகளில் நானும் ஒருவன். போன அறையில் யாருக்கு முன் பெஞ்சு, யாருக்குப் பின் பெஞ்சு என்பது ஞானோபதேசப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. யாரும் சொல்லித்தரவும் இல்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கிறிஸ்தவக் கல்வி பற்றித் திருச்சபைகளுக்குள் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இந்தப் பீரியடைச் சுற்றியே வருகிறது. ஒரு தரப்பு சொல்கிறது: வாரத்துக்கு இரண்டு பீரியட் போதாது, விசுவாசம் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவ வேண்டும், அறிவியலையும் வரலாற்றையும் கிறிஸ்துவின் கண்ணோட்டத்தில் நடத்த வேண்டும், இல்லையென்றால் நம் பள்ளிக்கும் பக்கத்துத் தெரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் என்ன வித்தியாசம்? இன்னொரு தரப்பு சொல்கிறது: காலம் சரியில்லை, வம்பு வேண்டாம், சிலுவையைக் கட்டிட முகப்போடு நிறுத்திக்கொள்வோம், ரிசல்ட்டைக் காட்டுவோம். பார்க்க எதிரெதிர் நிலைகள். ஆனால் இரண்டும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன. விசுவாசம் என்பது ஒரு பாடப்பொருள், குழம்பில் உப்புப் போடுவதுபோல அதைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதே அந்த அனுமானம்.

இந்தக் கட்டுரை அந்த அனுமானத்தோடு சண்டைபோடுகிறது. ஒரு பள்ளியின் விசுவாசம் அந்தப் பள்ளியில் ஏற்கனவே முழுமையாக ஒருங்கிணைந்துதான் இருக்கிறது: யாரைச் சேர்க்கிறது, எங்கே உட்காரவைக்கிறது, யாரிடம் எவ்வளவு பணம் வாங்குகிறது, யாரை வேலைக்கு எடுக்கிறது, யாருக்கு டி.சி. கொடுத்து அனுப்புகிறது என்பவற்றில். அங்கே இருப்பதைப் பார்க்க மறுத்துவிட்டுப் பாடத்திட்டத்துக்குள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

2

விசுவாசத்தையும் கல்வியையும் ஒருங்கிணைப்பது என்கிற கோட்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. டச்சு இறையியலாளரும் அரசியல்வாதியுமான ஆபிரகாம் கைப்பர் 1880இல் ஆம்ஸ்டர்டாமில் சுயேச்சைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்துப் பேசியபோது, மனித வாழ்வின் எந்தத் துறையும் கிறிஸ்துவின் ஆளுகைக்கு வெளியே இல்லை என்று வாதிட்டார். அமெரிக்காவில் ஃபிராங்க் கேபலைன் 1954இல் வெளியிட்ட நூலில், எல்லா உண்மையும் கடவுளின் உண்மையே, ஆகவே கணிதமும் இலக்கியமும்கூட விசுவாசத்தின் பகுதிகளே என்று பள்ளிகளுக்கான திட்டமாக இதை வளர்த்தெடுத்தார். கத்தோலிக்கத் தரப்பில், 1977இல் வத்திக்கான் வெளியிட்ட கத்தோலிக்கப் பள்ளி குறித்த ஆவணம் பண்பாட்டையும் விசுவாசத்தையும், விசுவாசத்தையும் வாழ்வையும் இணைப்பதே பள்ளியின் பணி என்றது. நம்மூர்ப் பயிலரங்குகளில் பேசப்படுகிற 'ஒருங்கிணைப்பு' பெரும்பாலும் இங்கிருந்தெல்லாம் வந்து சேர்ந்த சரக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோட்பாடு முழு அதிகாரத்தோடு நடைமுறைக்கு வந்த ஓர் இடத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கானர் தேசியவாதிகள் 1948இல் 'கிறிஸ்தவ தேசியக் கல்வி' என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டார்கள். கைப்பரின் சிந்தனை அவர்களுக்குக் கைகொடுத்தது. எல்லாப் பாடமும் வேதத்தின் அடிப்படையில், கூடவே ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிக் கல்வி. ஐந்தே ஆண்டில், 1953இல், பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பினப் பிள்ளைகள் படித்த மிஷன் பள்ளிகளைத் திருச்சபைகளின் கையிலிருந்து பிடுங்கி, அடிமை வேலைக்கு எவ்வளவு படிப்பு போதுமோ அவ்வளவு படிப்பைக் கொடுக்கும் இடங்களாக அரசு மாற்றியது. பாடத்தில் கிறிஸ்து இல்லாமல் போனதால் நடந்ததல்ல இது. பாடம் முழுக்க அவர் இருந்தார்.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. தஞ்சாவூருக்குப் போவோம்.

வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பாளையங்கோட்டையில் பிறந்து, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, அங்கே மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியரானவர். 1800ஐ ஒட்டி அவர் எழுதிய பெத்லகேம் குறவஞ்சி ஓர் ஆச்சரியமான பிரதி. குறத்தி நாடு நகரங்களைச் சொல்லும் மரபான இடத்தில் அவர் உலகப் பூகோளத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். வானத்தைச் சொல்லுமிடத்தில் சூரியனை நடுவில் வைத்துக் கிரகங்கள் சுற்றும் கோப்பர்நிக்கசின் வானியலைக் கொண்டுவருகிறார். புதிய விஞ்ஞானம், தமிழ் நாடக மரபு, கிறிஸ்தவ பக்தி மூன்றும் ஒன்றோடொன்று உரசாமல் ஒரே மேடையில் ஆடுகின்றன. கேபலைன் நூலுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருங்கிணைப்பைச் செய்து முடித்துவிட்டார். இன்றைக்கு எந்தப் பயிலரங்கும் இதைவிட நன்றாகச் செய்துகாட்டிவிட முடியாது.

அதே சாஸ்திரியார், 1820களில் புதிதாக வந்த இளம் மிஷனரிகள் தேவாலயத்தில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை ஒழிக்க முயன்றபோது, அதை எதிர்த்து எழுதினார், மனுக் கொடுத்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் தனித்தனிப் பக்கத்தில் உட்காருவது அவருக்கு ஊர் வழக்கம், விசுவாசத்துக்குச் சம்பந்தமில்லாதது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை விட்டொழிக்கவேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சையில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

சாஸ்திரியாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதைச் சொல்லவில்லை. சூரியனை நடுவில் வைக்க அவருடைய விசுவாசம் இடம்கொடுத்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பறையரை வைக்க இடம்கொடுக்கவில்லை. பிரபஞ்சத்தையே மாற்றியமைத்தாலும் பெஞ்சு அசையாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தேவையில்லை. பாடத்தில் நடக்கும் ஒருங்கிணைப்பு எவ்வளவு முழுமையாக இருந்தாலும் அது பாடத்தோடு நின்றுவிட முடியும்.

அல்தூசர் 1970இல் எழுதிய கருத்தியல் அரசு எந்திரங்கள் பற்றிய கட்டுரை நம் சிறுபத்திரிகைகளில் போதுமான அளவு அலசப்பட்டுவிட்டது. அதில் இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே நினைவுபடுத்தலாம். ஒன்று, மத்தியகாலத்தில் திருச்சபை வகித்த இடத்தை முதலாளிய சமூகத்தில் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது என்பது. இன்னொன்று, பாஸ்கலை முன்வைத்து அவர் சொல்வது: நம்பிக்கை வந்தபிறகு மனிதன் முழங்காலிடுவதில்லை, முழங்காலிடுகிற பழக்கத்திலிருந்துதான் நம்பிக்கை வருகிறது. கருத்தியல் மூளைக்குள் இருக்கும் எண்ணம் மாத்திரமில்லை, அது உடல்கள் செய்யும் காரியம். திருச்சபையும் பள்ளியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் நம்முடைய மிஷன் வளாகங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். காலை அசெம்பிளியில் வரிசையாக நிற்பது, தாமதமாக வந்தவனைத் தனியே நிறுத்துவது, ஃபீஸ் கட்டாதவன் பெயரை எல்லார் முன்னாலும் வாசிப்பது — பிள்ளை கற்றுக்கொள்கிற இறையியல் இதுதான். கடவுள் எப்படிப்பட்டவர் என்று அவன் இதிலிருந்துதான் முடிவுக்கு வருகிறான்.

3

அப்படியானால் மிஷன் பள்ளிகளால் நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா? அப்படிச் சொன்னால் நன்றிகெட்டதனம் மட்டுமல்ல, வரலாற்றுப் பொய்யும் ஆகும்.

தெற்குத் திருவிதாங்கூரில் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர். சிதம்பர யாத்திரை போன இடத்திலிருந்து தஞ்சாவூர் போய், அங்கே மிஷனரிகளைச் சந்தித்து ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவருடைய அழைப்பின் பேரில்தான் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே பள்ளி எழுந்தது. அந்தப் பள்ளியின் தொடர்ச்சிதான் பிறகு நாகர்கோவிலுக்குப் போனது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறி வந்து நமக்குக் கல்வி கொடுத்தார் என்கிற கதையாடலில் இந்தத் தகவல் அமுங்கிப்போகிறது. கேட்டவர் ஒரு தலித். நடந்துபோய்க் கேட்டார். அந்தப் பகுதியில் பள்ளிக்கும் ஜெபவீட்டுக்கும் போன பெண்கள் மேலே சட்டை அணிந்ததை ஒட்டித்தான் தோள்சீலைக் கலகம் வெடித்தது. 1822இல் தொடங்கி 1859 அரச பிரகடனம் வரை நீண்ட போராட்டம். அங்கே விசுவாசம் எந்தப் பீரியடிலும் இல்லை. உடுத்திய துணியில் இருந்தது. அதனால்தான் அடித்தார்கள்.

இரண்டாவது உதாரணம் சென்னைப் பட்டினம். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன் 1837இல் அங்கே ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அது. சாதி இந்துப் பையன்கள் ஆங்கிலத்துக்காகச் சேர்ந்தார்கள். வேதபாடத்தையும் சகித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1838இல் இரண்டு பறையர் வகுப்புப் பையன்கள் பள்ளியில் சேர்ந்திருப்பது தெரியவந்தது. அவர்களை வெளியேற்றச் சொல்லி நெருக்கடி. ஆண்டர்சன் மறுத்தார். பிள்ளைகள் கூட்டமாக வெளியேறினார்கள். அவர் அப்போதும் மசியவில்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்றரை ஆண்டாக அந்தப் பையன்களுக்கு வேதம் கற்பிக்கப்பட்டது. அதனால் யாரும் வெளியேறவில்லை. வேதாகமத்தைப் படிக்கலாம், ஒப்புவிக்கலாம், பரிசுகூட வாங்கலாம். அதெல்லாம் சாதியோடு ஒத்துப்போயிற்று. இரண்டு பெயர்கள் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறியபோதுதான் அந்த வேதாகமம் என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆண்டர்சனின் மற்ற நோக்கங்களைப் பற்றி, அவருடைய காலனிய மனோபாவத்தைப் பற்றி, எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். 1838இல் அவர் செய்த அந்த ஒரு காரியம் அவர் நடத்திய எல்லா வேதபாடங்களையும் விடப் பெரிய வேதபாடம்.

எதிர் உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. வடக்கன்குளத்தில் 1870களில் கட்டப்பட்ட கோயிலில் சாதிக்கொரு பகுதியாக, பீடத்தைப் பார்த்து இரண்டு தனித்தனி வரிசை. நடுவிலிருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. அங்கே ஞானோபதேசம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கும்.

4

சரி, ஞானோபதேசம் ஓர் அறை, நீதிபோதனை இன்னோர் அறை என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது?

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மானியம் உலகியல் பாடங்களுக்கு. பள்ளியில் நடக்கும் மதபோதனையை இன்ஸ்பெக்டர் கண்டுகொள்ளமாட்டார். அரசுப் பள்ளிகளின் நூலகத்தில் வேதாகமம் இருக்கலாம், மாணவனாக விரும்பிக் கேட்டால் பள்ளி நேரத்துக்கு வெளியே ஆசிரியர் விளக்கம் சொல்லலாம். காலனிய அரசின் 'மத நடுநிலை' இது. மானியம் வாங்கிய மிஷன் பள்ளிக்குள் இதன் விளைவு என்ன? இன்ஸ்பெக்டர் பார்க்கும் நேரம், இன்ஸ்பெக்டர் பார்க்காத நேரம் என்று கால அட்டவணை இரண்டாகப் பிளந்தது. பணமும் பரீட்சையும் மரியாதையும் முதலாவதில். விசுவாசம் இரண்டாவதில்.

1882இல் ஹண்டர் தலைமையிலான கல்விக் கமிஷன் அடுத்த படிக்குப் போனது. எல்லா மதத்துக்கும் பொதுவான இயற்கைச் சமயக் கொள்கைகளை வைத்து ஒரு நீதிநூல் பாடப்புத்தகம் தயாரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் அந்தக் கமிஷனில் ஓர் உறுப்பினர். அரசு இதை ஏற்கவில்லை. ஆனால் கடவுளின் பெயரைச் சொல்லாமலேயே பிள்ளையைப் பணியவைக்கும் அந்த யோசனை சாகவில்லை. நம் நீதிபோதனைப் பீரியட் அதன் பேரப்பிள்ளை. அரசு மதம் பேச முடியாத இடத்தில் ஆங்கில இலக்கியம் எப்படி ஒழுக்கபோதனையாக வந்து உட்கார்ந்தது என்று கௌரி விசுவநாதன் 1989இல் வெளிவந்த தன் நூலில் காட்டியிருப்பதையும் இதோடு சேர்த்து வாசிக்கலாம்.

மில்லருக்கென்று ஒரு கல்விக் கோட்பாடு இருந்தது. ஆட்களை மதம் மாற்றுவது அவசரமில்லை; உயர்சாதி இந்து மாணவர்களின் சிந்தனையில் கிறிஸ்தவக் கருத்துகள் பரவினால் போதும், புளித்த மாவுபோல அது சமூகம் முழுக்க வேலைசெய்யும் என்பது. மேலிருந்து கீழே ஒழுகும் விசுவாசம். அதே காலத்தில் கிராமங்களில் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்துகொண்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள் கேட்டதோ தங்கள் சேரியில் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு வாத்தியாரும். எதை நல்ல கிறிஸ்தவக் கல்வி என்று சொல்வது, எதற்குக் காசு கொடுப்பது என்கிற இந்தப் போட்டி இன்னும் முடியவில்லை. நகரத்துக் கான்வெண்டுக்கும் கிராமத்து ஆர்.சி. தொடக்கப்பள்ளிக்கும் இடையே அது இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படிப் பிளந்ததில் இரண்டு பக்கமும் சேதம். ஞானோபதேச அறையில் விசுவாசம் சமுதாய அடையாளமாகச் சுருங்கியது: நாம் வேதக்காரர், அவர்கள் மற்றவர்கள். நீதிபோதனை அறையில் நீதி என்பது கீழ்ப்படிதலாகச் சுருங்கியது. அடிமைகளை விடுதலை செய்த யாத்திராகமமும், தராசில் கள்ளத்தனம் செய்த வியாபாரிகளைத் திட்டிய ஆமோசும், மரியாளின் பாட்டில் இருக்கிற கலகமும் இரண்டு அறைக்கும் போகவில்லை. மாதா பிள்ளைகளுக்கு அடக்கத்தின் உதாரணமாகவே கிடைத்தாள். பாவ்லோ ஃபிரேய்ரே ஒரு கத்தோலிக்கர். தலைக்குள் பணம் போட்டுவைப்பதுபோலப் பாடத்தைப் போட்டுவைக்கும் கல்வியை அவர் வங்கிமுறைக் கல்வி என்றார். அதற்கு நம் ஞானோபதேச வகுப்பைவிடப் பொருத்தமான உதாரணம் வேறில்லை.

5

இதற்கான சாட்சியத்தை ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியதில்லை. நம் இலக்கியத்தில் இருக்கிறது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. வந்தபோது அதை மொழிக்காகவும் தலித் தன்வரலாறு என்பதற்காகவும் கொண்டாடினோம், சண்டைபோட்டோம். அதைக் கல்வி பற்றிய நூலாக நாம் போதிய அளவு வாசிக்கவில்லை. விடுதியில் கன்னியர் ஒருவர் ஏழைப் பிள்ளைகளைச் சாதிசொல்லி இளக்காரமாகப் பேசுவது, ஆசிரியையாக இருந்த நாட்களில் தலித் பிள்ளைகளுக்காக நிர்வாகத்தோடு மோதுவது, பிறகு அந்தப் பிள்ளைகளுக்குப் பணிசெய்யலாம் என்று நம்பித் தானே மடத்தில் சேருவது, சேர்ந்தபின் வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் போய் நிற்பது, கடைசியில் வெளியேறுவது — நூலின் எலும்புக்கூடு முழுக்கப் பள்ளிக்கூடம்தான். அதில் நமக்கு முக்கியமான ஓர் இடம் உண்டு. சின்ன வயதில் தனக்குச் சொல்லிக்கொடுத்த கடவுள் பயமுறுத்துகிறவராகவும் பணிவைக் கேட்கிறவராகவுமே இருந்தார், தானாக வேதத்தை வாசித்தபோதுதான் நீதி கேட்கிற இயேசு கண்ணில் பட்டார் என்கிற இடம். ஒருங்கிணைப்பு நடந்தது. அதை அவருக்குச் செய்துகொடுத்தது பள்ளி இல்லை. பள்ளியைத் தாண்டி, அதன்மீது பட்ட கோபத்தோடு, அவரே செய்துகொண்டார்.

அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. கத்தோலிக்கப் பள்ளியும் விடுதியும் உருவாக்கிய ஒரு தலித் பையனின் கதை. தன்னையே கேலிசெய்துகொள்ளும் நடை. படித்து முடித்தவனுக்கு வேலை இல்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவனான தலித் பட்டியல் சாதி இல்லை. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்துக்கொண்ட ஆணை அது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. சிலுவைராஜ் சர்டிபிகேட்டுக்காகத் தாளில் இந்துவாகிறான். அரசின் அநியாயம் இதில் வெளிப்படை. அதை எதிர்த்து ஆயர்களும் ஊர்வலம் போகிறார்கள், நல்லது. ஆனால் நாவலை வாசித்து முடித்ததும் எழும் கேள்வி வேறு: அவனைப் படிக்கவைத்த அந்தத் திருச்சபையிடம் இத்தனை பள்ளிகளும் கல்லூரிகளும் இருந்தனவே, அங்கே ஏன் அவனுக்கு ஒரு வேலை இல்லை?

சிறுபான்மை உதவிபெறும் பள்ளிகளில் சம்பளம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது. இடஒதுக்கீட்டு இனச்சுழற்சி அவர்களைக் கட்டுப்படுத்தாது. வெளியே அரசு 'நீ கிறிஸ்தவன்' என்று கதவைச் சாத்துகிறது. உள்ளே திருச்சபை 'நீ யாரு வீட்டுப் பையன்' என்று கேட்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம்தான். நியமன ஆணைகளில் அது தெரியவேண்டும்.

6

'இதையெல்லாம் இப்போது எழுதலாமா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மிஷன் பள்ளி என்றாலே மதமாற்றக் கூடம் என்று கூச்சல்போடும் அரசியல் அதிகாரத்தில் இருக்கிறது. 2002இல் தமிழ்நாட்டிலேயே கட்டாய மதமாற்றத் தடைச்சட்டம் வந்ததையும், 2004 தேர்தல் தோல்விக்குப்பின் அது திரும்பப் பெறப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. நம் விமர்சனத்தை அவர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்ற பயம் உண்மையானது.

ஆனால் இரண்டு விமர்சனங்களும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. பிள்ளைகளை மாற்றுகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நிர்வாகங்கள் மாறவே இல்லை என்பது நம் குற்றச்சாட்டு.

இன்னொன்றும் உண்டு. விசுவாசத்தை எல்லாப் பாடத்திலும் கலக்கவேண்டும் என்று நாம் வாதிட்டால், அதே வாதத்தை எதிர்த்தரப்பு பத்து மடங்கு பலத்தோடு எடுத்துக்கொள்ளும். 2000ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் 'மதிப்பீட்டுக் கல்வி' என்ற பெயரில் மதங்கள் பற்றிய கல்வியைக் கொண்டுவந்தது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை அனுமதித்தது. 2022இல் குஜராத் அரசு ஆறாம் வகுப்பிலிருந்து பகவத் கீதையைக் கொண்டுவருவதாக அறிவித்தது. கடவுளின் உண்மையே எல்லா உண்மையும் என்று நாம் சொன்னால், 'ஆமாம், அது கீதையில் இருக்கிறது' என்பார்கள். என்ன பதில் வைத்திருக்கிறோம்?

பதில் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. மிஷன் பள்ளிகள் 30ஆவது பிரிவை மனப்பாடமாக வைத்திருக்கின்றன. 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவை அவ்வளவாகப் பேசுவதில்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் எந்தப் பிள்ளையையும் அதன் காப்பாளரின் சம்மதமில்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்கிறது அது. எத்தனை பள்ளிகளின் விண்ணப்பப் படிவத்தில் இந்தச் சம்மதம் கேட்கப்படுகிறது? கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசியகீதத்தை வாய்திறந்து பாடாமல் மரியாதையாக நின்றதற்காக வெளியேற்றப்பட்ட வழக்கில், 1986இல் உச்சநீதிமன்றம் அவர்களுடைய மௌனத்தை உரிமை என்று சொன்னது. அந்தத் தீர்ப்பைச் சிறுபான்மையோர் கொண்டாடினோம். அதே மௌனம் நம் அசெம்பிளியில் கைகூப்பாமல் நிற்கிற பிள்ளைக்கும் உரியதுதான்.

30ஆவது பிரிவின் கதைக்கு வருவோம். 2014இல் பிரமதி வழக்கில், கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கால்பங்கு இடம் கொடுக்கவேண்டிய கடமை சிறுபான்மைத் தனியார் பள்ளிகளுக்கு இல்லையென்று ஆயிற்று. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பின்மீதே ஐயம் தெரிவித்தது. சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நம் கேள்வி அப்படியே இருக்கும். சிறுபான்மையினரின் விசுவாசத்தையும் பண்பாட்டையும் காப்பாற்ற வாங்கிய உரிமை அது. அதைக் கேடயமாகப் பிடித்து ஏழைக் குழந்தையை வாசலில் நிறுத்த முடியுமென்றால், அந்தக் கேடயத்துக்குப் பின்னால் காக்கப்படுவது எந்த விசுவாசம்? 'எங்கள் உரிமையில் கைவைக்காதே' என்று நிர்வாகங்கள் கேட்கும்போது தெருவில் இறங்கித் துணைநிற்க நாம் தயார். உள்ளே யாருக்கு இடம் என்று கேட்கும் உரிமையை அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது.

7

கிறிஸ்தவப் பள்ளிகளில் கிறிஸ்தவம் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் எளிமையானவை. ஒரு பாடப்புத்தகமும் அச்சடிக்கத் தேவையில்லை.

சேர்க்கையில் முதலிடம் பள்ளியைச் சுற்றியுள்ள சேரிகளின், குடிசைப்பகுதிகளின் பிள்ளைகளுக்கு, சட்டம் கட்டாயப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும். ஆசிரியர், அலுவலர், தலைமையாசிரியர் நியமனங்களில் தலித் கிறிஸ்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு ஆண்டுதோறும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவேண்டும். கல்யாண ஓலை வாசிக்கிற இடத்தில் அதையும் வாசிக்கலாம். வழிபாட்டுக்கும் மதபோதனைக்கும் சம்மதம் எழுத்தில் கேட்கப்படவேண்டும். 'வேண்டாம்' என்ற பிள்ளைக்கு எந்தச் சிறுமையும் வரக்கூடாது. ஃபீஸ் கட்டாத பிள்ளையின் பெயரை அசெம்பிளியில் வாசிக்கும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நாளைக்கே நிற்கவேண்டும்.

கடைசியாக, அந்த மணி. வேதக்காரப் பிள்ளை அந்த அறைக்கு, மற்றவன் இந்த அறைக்கு என்று பிரிக்கிற மணியை நிறுத்தவேண்டும். விரும்பியவர்களுக்கு ஞானோபதேசம் கோயிலில் நடக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பள்ளி நேரத்தின் அந்த நாற்பது நிமிடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து தங்கள் ஊரைப் பற்றிப் பேசட்டும்: யார் எங்கே குடியிருக்கிறார்கள், சுடுகாடு எத்தனை, கல்லறைக்கு நடுவில் ஏன் சுவர், டீக்கடையில் யாருக்கு எந்த டம்ளர். அந்தப் பேச்சுக்கு யாத்திராகமம் உதவினால் யாத்திராகமம், அம்பேத்கர் உதவினால் அம்பேத்கர். நடத்துகிற டீச்சருக்கு விசுவாசம் இருந்தால் அது அவர் யாரை முதலில் பேசவிடுகிறார் என்பதில் தெரிந்துவிடும்.

அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பாதிரியாரோ சிஸ்டரோ கரஸ்பாண்டன்ட்டோ, யாராக இருந்தாலும், அவர் முன்னால் இருக்கும் பதிவேட்டைப் போய்ப் பார்க்கச் சொல்கிறோம்.